சினைக் கேரவன்

பழைய கேரவன் வாங்கப் போகிறவர்கள் கூடவே ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போவார்கள். வசந்தாமணி மாட்டுத் தரகரைக் கூட்டிப் போனாள். விவரம் தெரியாமல் செய்த காரியமில்லை, நன்றாக யோசித்துத்தான் செய்தாள். சுள்ளிமேட்டிலும் சுத்துப்பட்டு ஊர்களிலும் தரகர் நாச்சிமுத்து நினைத்தால் குறை சொல்ல முடியாத மாடு என்று ஒன்று பிறந்ததே கிடையாது. ஒரு சுற்றுச் சுற்றி வருவார், நெற்றியில் ஒரு சுழியைத் தொட்டுக் காட்டுவார், "குடி கெடுக்கற சுழி" என்று சொல்லி வெற்றிலைச் சாற்றைத் துப்புவார், வாங்க வந்தவன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வீட்டைப் பார்க்க நடப்பான். வசந்தாமணிக்கு அவர் பெரியப்பா மகன், அண்ணன் முறை. "வண்டியப் பாத்து ஒரு குறை சொல்லோணும், அவ்வளவுதானுங்ண்ணா. எங்க ஊட்டுக்காரர் அந்த நெனப்பையே உட்டுப்போடோணும்" என்று அவள் கேட்டதும், "வண்டியென்ன மாடென்ன அம்மிணி, ரெண்டும் நிக்கறதும் நடக்கறதுந்தான?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எல்லாவற்றுக்கும் காரணம் ரோடு. வசந்தாமணியின் மாமனார் கட்டிய ஓட்டு வீடு பைபாஸ் வந்தபோது போனது. அந்தப் பணத்தில் கொஞ்சம் தள்ளிப்போய்க் கட்டிய மச்சு வீடு பைபாஸை நாலுவழியாக்கியபோது போனது. இதற்கு மேல் ரோடு வரவே வராது என்று ஊரே சத்தியம் செய்த இடத்தில் மூன்றாவதாகக் கட்டிய வீட்டுக்கு இந்தத் தை மாசம் இரண்டு பேர் வந்து, நாடா பிடித்து அளந்து, அடுப்படியின் பின்சுவரில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்து, நல்லாயிருங்க அம்மா என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கோட்டுக்கு முன்னால் இருப்பதெல்லாம் ரோட்டுக்கு. கோட்டுக்குப் பின்னால் மிஞ்சியது ஒரு துவைக்கிற கல்லும் முருங்கை மரமும் நீளவாக்கில் கிடக்கிற ஒரு துண்டு நிலமும்தான், அதில் வீடு கட்ட முடியாது என்று மேஸ்திரி வந்து பார்த்துக் கையை விரித்துவிட்டார்.

மூன்று வீட்டை ரோட்டுக்குக் கொடுத்த பிறகு அவள் புருஷன் சென்னியப்பன் ஒரு முடிவுக்கு வந்தார். "நிக்கற வீட்டத் தேடித்தான ரோடு வருது? நிக்காத வீடா வாங்கிப்போட்டா?" என்றார். அவருக்கு அது சுலபமாக வந்த யோசனை, ஏனென்றால் கல்யாணமான நாளிலிருந்து போர்வெல் லாரி ஓட்டியவர் அவர், ராஜஸ்தான், ஒடிசா, மத்தியப் பிரதேசம் என்று எந்த மண்ணுக்கு அடியில் தண்ணீர் இல்லையோ அந்த மண்ணுக்கெல்லாம் போனவர், டீசல் வாடை அடிக்காவிட்டால் தூக்கம் பிடிக்காதவர். அவர் ரோட்டில் இருந்த காலமெல்லாம் வசந்தாமணி வீட்டில் இருந்தாள். மேஸ்திரியோடு சண்டை போட்டுக் கடைசி இரண்டு வீட்டையும் கட்டியது அவள். பால் காய்ச்சுகிற அன்றைக்குச் சட்டையைத் தோய்த்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றது அவர். இப்போது லாரியை விட்டு இறங்கிய மனுஷன் வீட்டையே ரோட்டில் ஏற்றப் பார்க்கிறார் என்றால் அவளுக்குக் கோபம் வராமல் என்ன வரும்?

"வாங்கறது கெடக்குட்டும். அத எங்கீங்க நிறுத்தறது?" என்று அவள் தை மாசத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நிறுத்தறதுக்கா வண்டி வாங்கறாங்க?" என்று அவர் தை மாசத்திலிருந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

கேரவன் முத்துரத்தினத்தின் தென்னந்தோப்பில், வாய்க்கால் கரையோரம் நின்றிருந்தது. முத்துரத்தினம் பந்தல், சேர், சமையல் பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். வாய்க்கால் கரையில் சினிமாக்காரர்கள் மாசத்துக்கொரு பாட்டு எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், நடிகர்கள் உட்கார ஒரு கேரவன் இருந்தால் அதையும் வாடகைக்கு விடலாமே என்று ஆசைப்பட்டு வாங்கினார். அப்புறம் சினிமாக்காரர்கள் கேரவனைக் கூடவே கொண்டுவர ஆரம்பித்தார்கள், அப்புறம் வருவதையே நிறுத்திவிட்டார்கள். வண்டி தோப்பில் நின்றது நின்றபடி நின்றுவிட்டது.

சென்னியப்பன் வண்டி பார்ப்பதில் சோடை போகிறவரில்லை. சாக்கை விரித்து அடியில் படுத்துக்கொண்டு, சேஸிஸில் துரு எங்கெங்கே அரித்திருக்கிறது என்று ஸ்பானரால் தட்டித் தட்டிக் கேட்டார். டயர் பக்கவாட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவினார். வாய்க்கால் மோட்டாரிலிருந்து ஓஸ் இழுத்துக் கூரை மேலே தண்ணீர் அடிக்கச் சொல்லி, உள்ளே டார்ச்சோடு நின்று எந்த மூட்டு கசிகிறது என்று பார்த்தார். ஜெனரேட்டரைப் போட்டார், ஏ.சி.யைப் போட்டார், கேஸ் டியூபுக்குச் சோப்பு நுரை பூசி முட்டை விடுகிறதா என்று பார்த்தார், கக்கூஸ் டேங்கைக்கூட மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். எல்லாம் வயசுக்குத் தகுந்தபடி இருந்தது. பின்பாதித் தரையில் மட்டும் பிளைவுட் மேடு தட்டியிருந்தது. மிதித்தால் அமுங்கவில்லை, உளுத்த சத்தமும் இல்லை, ஆனால் நடுவே உப்பி நின்றது.

"மழைத்தண்ணி எறங்கியிருக்குமுங்களா?" என்று கேட்டார்.

"நின்ன வண்டிங்க. அப்பிடித்தான் இருக்கும்" என்றார் முத்துரத்தினம்.

வசந்தாமணி தன் கணக்குக்கு உள்ளே ஏறிப் பார்த்தாள். கிரைண்டர் வைக்க இடமில்லை. குளியலறைக்குள் திரும்பினால் முழங்கை இடித்தது. ஒரு கண்ணாடி இருந்தது, நடிகைகள் முகம் பார்க்கிற கண்ணாடி, சுற்றிலும் குண்டு பல்பு. சுவிட்சைத் தட்டியதும் அத்தனையும் எரிந்து அவள் முகத்தை அவளுக்கே காட்டின. இவ்வளவு வெளிச்சத்தில் அவள் தன்னைப் பார்த்ததே இல்லை. கண்ணுக்குக் கீழே இவ்வளவு கறுத்திருக்கிறதா என்று நினைத்து உடனே அணைத்துவிட்டாள்.

அப்புறம் நாச்சிமுத்து தன் வேலையை ஆரம்பித்தார். முன்னால் போய் கிரில்லுக்குள் விரலை விட்டுப் பல் பிடித்துப் பார்த்தார். பின்னால் போய் டெயில் லைட்டைத் தூக்கிப் பார்த்தார். கதவுக்கு மேலே பெயிண்ட் வெடித்த இடத்தில் சுழி தேடினார், கிடைத்தது, வசந்தாமணியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஆனால் மனுஷன் வாயைத் திறப்பதற்கு முன்னால், தொழில் பழக்கம் யாரை விட்டது, வலது பக்கம் வந்து, விலாவில் முஷ்டியை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். உள்ளேயிருந்து ஏதோ ஒன்று அவர் கையைத் திருப்பி இடித்தது.

அவர் இன்னொரு தரம் அழுத்தினார். இன்னொரு தரம் இடித்தது. காதை வைத்துக் கேட்டார். தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"அம்மிணி, இது சினை. ஏழு மாசத்துக்குக் கொறையாது."

"அதான பாத்தேன்" என்றார் முத்துரத்தினம். "டேங்குல தண்ணி ஊத்த ஊத்தப் பத்தறதே இல்லீங்க."

சென்னியப்பன் அடியிலிருந்து தலையை நீட்டினார். "அந்த மேடு அதுதானுங்களா மச்சா? நான் மழைத்தண்ணின்னு நெனச்சுப்போட்டேன்." முகமெல்லாம் சந்தோஷம். ஒன்று வாங்க வந்த இடத்தில் இரண்டு கிடைத்தால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது?

வசந்தாமணி அண்ணனைத் தென்னை மரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். "ஏனுங்ண்ணா, உங்கள எதுக்குக் கூட்டியாந்தேன்?"

"தெரியுது அம்மிணி. சுழிகூடக் கெடச்சுது. ஆனா சினையா நிக்கறதப் பாத்துக் குறை சொன்னா அந்த வாய அப்பறம் சந்தைல ஒருத்தனும் நம்பமாட்டான். எத்தன பொய் சொன்னாலும் தரகனுக்கு அது ஒண்ணுதான் கட்டுப்பாடு."

"இது மாடு இல்லீங்ண்ணா!"

"அத நீ என்னையக் கூட்டியாறதுக்கு முன்னால யோசிச்சிருக்கோணும்" என்றார் நாச்சிமுத்து.

துண்டுக்கு அடியில் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசினார்கள். துண்டுக்குள் என்ன நடந்தது என்று இன்றுவரைக்கும் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. வெளியே சத்தமாகப் பேசிக்கொண்டது இதுதான்: நிறைசினையை வழி நடத்தக் கூடாது, ஈனுகிற வரைக்கும் தோப்பிலேயே நிற்கட்டும், அதுவரைக்கும் தீனி வாங்கினவர் பொறுப்பு, கன்று தாயோடு போகும். "கன்னு தாயோடதான். அதுல என்னுங் பேச்சு?" என்று முத்துரத்தினம் கையை உயர்த்திச் சொன்னதைத் தேங்காய் போட வந்தவர்கள்கூட மரத்தின் மேலிருந்து கேட்டார்கள்.

அடுத்த சந்தைக்குள் சுள்ளிமேட்டுக்கு விஷயம் பழகிவிட்டது. ஊருக்கு முதலில் வந்த கேள்வி எப்படி என்பதில்லை, யாரு என்பதுதான். கார்த்திகை மாசம் அச்சு முறிந்து தோப்பில் நின்ற கரும்பு லாரிதான் என்று ஒரு கட்சி. ஐப்பசி மழையில் கேரவன் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்ற, தோப்பை ஒட்டிய, மூடிப்போன ரைஸ்மில்லின் சுவர்தான் என்று இன்னொரு கட்சி. லாரிக் கட்சிக்காரர்கள் கன்றுக்குச் சக்கரம் இருக்கும் என்றார்கள், சுவர்க் கட்சிக்காரர்கள் அஸ்திவாரம்தான் இருக்கும் என்றார்கள். டீக்கடையில் பந்தயம் கட்டினார்கள். கரும்பு லாரிக்காரர் தன் வண்டி அப்படிப்பட்ட வண்டியில்லை என்று கண்ணாடி டம்ளரை டொக்கென்று வைத்துவிட்டு எழுந்து போனார். கிராம அதிகாரி வந்து பார்த்து, பிறக்கப்போவதற்கு வீட்டு வரியா வண்டி வரியா என்று யோசித்து, பிறக்கட்டும் பார்க்கலாம் என்று பேனாவை மூடிச் சட்டையில் சொருகிக்கொண்டார். மாட்டு டாக்டர் வந்து ஸ்டெதாஸ்கோப் வைத்து, இரண்டு துடிப்பு கேட்கிறது, ஒன்று டீசல் என்ஜின் ஐடிலில் ஓடுகிற மாதிரி இருக்கிறது, இன்னொன்று சன்னமாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொம்பளைகள் அரிசி களைந்த தண்ணீரைக் கொண்டுவந்து ரேடியேட்டரில் ஊற்றினார்கள், அது மடமடவென்று குடித்தது. டீசல் வாடை மட்டும் அதற்கு ஆகவில்லை. வாய்க்கால் கரையில் டிராக்டர் போனால்கூட ஜன்னலெல்லாம் நடுங்கியது. மசக்கை என்றார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மஞ்சளும் பூவும் கொண்டுவந்து, பக்கத்துக்கொன்றாக நீட்டிக்கொண்டிருந்த கண்ணாடிக் கம்பிகளில் வளையல் போட்டார்கள். மாட்டுக்கு யாராவது வளையல் போடுவார்களா என்று ஒருத்தி கேட்டாள், மாட்டுக்குக் கை ஏது, இதுக்கு இருக்குதே என்று இன்னொருத்தி சொன்னாள், அதோடு பேச்சு முடிந்தது. அன்றையிலிருந்து காற்றடித்தால் தோப்பில் வளையல் சத்தம் கேட்டது.

சென்னியப்பன் தினமும் காலையில் துணியும் பக்கெட்டுமாகப் போய் வண்டியைத் துடைத்தார். துடைத்து முடித்து, அதன் வலது பக்கம் ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையை விலாவில் வைத்துக்கொண்டு, உள்ளே இடிக்கும்போதெல்லாம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார். அரிசித் தண்ணீரோடு வந்த வசந்தாமணி ஒருநாள் இதைப் பார்த்தாள். பார்த்தவள் பக்கெட்டைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள்.

"மைதிலி எம்பட வயித்துல இருக்கறப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

மைதிலி அவர்கள் ஒரே மகள், இப்போது ஓசூரில் இருக்கிறாள். சென்னியப்பன் சிரிப்பை நிறுத்தினார். "மத்தியப் பிரதேசத்துல."

"எப்ப வந்தீங்க?"

"அவ தவழறப்ப."

"வலி எடுத்து நான் ஒருத்தியா டவுன் பஸ்ல போனேனுங்க. கண்டக்டர் பையத் தூக்கிட்டு வந்து ஆஸ்பத்திரி வாசல்ல உட்டுட்டுப் போனாரு. எங்கூட ஒரு நாளு, ஒரே ஒரு நாளு இப்பிடிப் பக்கத்துல சேர் போட்டு உக்கோந்திருப்பீங்களா? ஒரு தகரத்துக்குக் கையி வெச்சுட்டு உக்கோந்திருக்கறீங்களே!" என்று சொல்லிக்கொண்டு வரும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தோப்பில் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல் வாய்விட்டு அழுதாள். அத்தனை வருஷமும் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்த அழுகை அது.

சென்னியப்பன் கையை விலாவிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அப்பல்லாம் எனக்கு உக்காரத் தெரியாது வசந்தா" என்றார்.

அவள் அதற்கு மன்னித்தேன் என்று சொல்லவில்லை, மன்னிக்கவும் இல்லை. தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினாள். போகத் திரும்பியவள் சும்மா ஒரு தரம் விலாவில் கையை வைத்தாள், இடித்தது. மறுநாள் வரும்போது தோப்பில் இரண்டு சேர் கிடந்தது. அன்றைக்கு அவள் டீக்கடைக்காரரின் பெண்டாட்டியிடம், யாரிடமும் சொல்லாதே என்று சொல்லி, அஸ்திவாரத்தின் மேல் பந்தயம் கட்டினாள்.

ஆடிக் காற்று அடிக்க ஆரம்பித்ததும் ரோடு கான்ட்ராக்ட்காரர்கள் வந்து, நாளைக் காலையில் ஜேசிபி வரும், சாமான் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பீரோவும் கட்டிலும் கிரைண்டரும் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு முருங்கை மரத்தடியில் நின்றன. அந்த நாள் பார்த்துத்தான் நல்ல உச்சி வெயிலில் கேரவனுக்கு வலி எடுத்தது.

முதலில் டேங்கு உடைந்து தண்ணீர் கொட்டியது. பின்கதவு தானாகத் திறந்தது. நாச்சிமுத்து எண்ணெய் தடவிய கையோடு உள்ளே குனிந்து, "ஜன்னல் வருது, ஜன்னல் வருது, நேராத்தான் வருது" என்று கத்தினார். இரண்டு கம்பி வைத்த ஒரு சின்ன ஜன்னல் முதலில் வந்தது, அதற்குப் பிறகு ஒரு கதவு, ஒரு சமையல் மேடை, அப்புறம் கூரையும் சுவரும் ஒன்றாகச் சறுக்கிக்கொண்டு வந்து பரப்பிய வைக்கோலின் மேல் தொப்பென்று விழுந்தது. ஒரு ரூம். ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவுதான். ஈரமாக, புதுச் சுண்ணாம்பு வாடையோடு, லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

சக்கரத்தின் மேல் பந்தயம் கட்டியவர்கள் சுற்றிச் சுற்றி வந்து குனிந்து அடியில் பார்த்தார்கள். சக்கரம் இல்லை. நாலு மூலையிலும் இளங்கன்றுக் குளம்பு மாதிரி மெத்து மெத்தென்று ஏதோ இருந்தது. கேரவன் நின்ற இடத்திலேயே திரும்பி, முகத்தைக் கன்றின் சுவரோடு சேர்த்து, இரண்டு வைப்பரையும் போட்டு அதை நக்கித் துடைத்தது. அப்புறம் அதன் பக்கவாட்டிலிருந்து கரண்ட் ஒயர் சுருள் பிரிந்து போய் கன்றின் சுவரில் செருகிக்கொண்டது. ரூமுக்குள்ளே மஞ்சளாக ஒரு சின்ன பல்பு எரிந்தது. "பால் குடிக்குது, பால் குடிக்குது" என்று பொம்பளைகள் குலவை போட்டார்கள். நஞ்சுக்கொடியாக விழுந்த ஒயரும் டியூபும் சேர்ந்த மூட்டையை நாச்சிமுத்து சாக்கில் வைக்கோலோடு கட்டி, பால் குறையாமல் இருக்க வழக்கப்படி ஆலமரத்தில் தொங்கவிடச் சொல்லிக் கொடுத்தனுப்பினார்.

சென்னியப்பன் முகம் சுருங்கிப்போய் நின்றார். வசந்தாமணி சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள், முடியவில்லை.

முத்துரத்தினம் கன்றைப் பார்த்தார். கன்று நிற்கிற மண்ணைப் பார்த்தார். "கட்டடம்னா மண்ணோட சேந்ததுங்க. மண்ணு என்னோடது" என்றார்.

"கன்னு தாயோடன்னு சொன்ன வாயி எங்க போச்சு?" என்று நாச்சிமுத்து கேட்டார்.

"கன்னுன்னுதான் சொன்னேன். இது ரூமுங்க. தாய வேணும்னா இப்பவே ஓட்டிட்டுப் போங்க, நான் குறுக்க நிக்கல."

சென்னியப்பன் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். என்ஜின் பிடித்தது. கியரைப் போட்டார், ஆக்ஸிலேட்டரை மிதித்தார், புகை வந்தது, சத்தம் வந்தது, சக்கரம் ஒரு விரல்கடைகூட நகரவில்லை. கேரவன் தாழ்ந்த குரலில் நீளமாக ஹாரன் அடித்தது; பதிலுக்கு ரூமின் ஜன்னல் கதவு படபடவென்று அடித்துக்கொண்டது. கரும்பு லாரிக்காரர், தனக்கொன்றும் சம்பந்தமில்லை என்று சொல்லிக்கொண்டே, லாரியைக் கொண்டுவந்து கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார், கயிறு அறுந்தது. பாலைவன மணலில் போர்வெல் லாரி ஓட்டிய மனுஷன் ஒரு தென்னந்தோப்பிலிருந்து ஒரு வண்டியை வெளியே எடுக்க முடியாமல் வேர்த்து விறுவிறுத்து இறங்கினார்.

நாச்சிமுத்து கன்றின் மூலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். "குளம்பு எறுகிட்டு வருது. பொழுது சாஞ்சா ஊனிக்கும். ஊனிடுச்சுன்னா அப்பறம் இது முத்துரத்தினம் ரூமு, தாயும் இங்கயே நின்னுக்கும். உங்களுக்கு அதுவும் இல்ல, இதுவும் இல்ல."

சென்னியப்பன் பெண்டாட்டியைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியல வசந்தா" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அவள் கேட்காத வார்த்தை அது.

அவள் சேலையை இழுத்துச் சொருகினாள். "ஏனுங்ண்ணா, மாட்டுக்காரரு நீங்களே இப்பிடி நிக்கலாமா? கன்னத் தூக்கித் தோள்ல போட்டுட்டு முன்னால நடந்தா தாய் பின்னால வருது. கயித்தப் புடிச்சு யாராச்சும் தாய இழுப்பாங்களா?" அப்புறம் முத்துரத்தினத்தின் பக்கம் திரும்பினாள். "நீங்க ரூமு வேணும்னா வெச்சுக்கங்க. தாயும் உங்க தோப்புலயே நின்னு ராவும் பகலும் கத்திட்டுக் கெடக்கட்டும். உங்களுக்குச் சரின்னா எனக்குஞ் சரிங்க."

கேரவன் அதைக் கேட்டதுபோல் மறுபடியும் ஹாரன் அடித்தது. தென்னை மட்டையெல்லாம் அதிர்ந்தது. "அட, தூக்கிட்டுப் போகச் சொல்லுங்க. மனுசர் தூங்கறதா வேண்டாமா?" என்று தோப்பு வீட்டுக்குள்ளிருந்து முத்துரத்தினத்தின் பெண்டாட்டி கத்தினாள். முத்துரத்தினம் கொஞ்ச நேரம் காதைப் பொத்திக்கொண்டு நின்றார், அப்புறம் முனகிக்கொண்டே போய்ப் பந்தல் போடுகிற சவுக்குக் கழிகளையும் கயிற்றையும் அவரே எடுத்துவந்து போட்டார்.

மாரியம்மன் சப்பரம் தூக்குகிற ஆட்கள் வந்தார்கள். கழியை அடியில் கொடுத்ததும் கன்று பயந்து நடுங்கி சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. வசந்தாமணி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறி, மேடையின் மேல் உட்கார்ந்து, சுவரில் உள்ளங்கையை வைத்து, "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல, வீட்டுக்குப் போறோம்" என்றாள். நடுக்கம் நின்றது. சப்பரக்காரர்கள் ஓ என்று ஒரு குரல் கொடுத்துத் தூக்கித் தோளில் வைத்து நடந்தார்கள். பின்னால் கேரவன் வந்தது. என்ஜின் ஓடவில்லை, சாவி ஸ்டியரிங்குக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருந்த சென்னியப்பனின் சட்டைப் பையில் இருந்தது. கரண்ட் ஒயர் இரண்டுக்கும் நடுவே தொய்ந்து ஆட, வளையல் குலுங்க, அது பாட்டுக்கு வந்தது.

வாய்க்கால் பாலத்தைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, நாலுவழிச் சாலையில் ஏறினார்கள். லாரிகளும் பஸ்களும் ஓரம் கட்டி நின்றன. வசந்தாமணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் பார்த்தாள். ஆயுசு முழுக்க அவள் வாசலில் நின்று பார்த்ததெல்லாம் லாரியின் பின்பக்கத்தைத்தான், அதுவும் திருப்பத்தில் மறைகிற வரைக்கும். இப்போது வண்டி முகத்தைக் காட்டிக்கொண்டு அவள் பின்னால் வந்துகொண்டிருந்தது, கண்ணாடிக்குப் பின்னால் அந்த மனுஷன், திருப்ப வேண்டிய ஸ்டியரிங் தானே திரும்புவதைப் பார்த்தபடி, கையை மடியில் வைத்துக்கொண்டு, செய்ய ஒரு வேலையும் இல்லாமல் அவளையே பார்த்து உட்கார்ந்திருந்தார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, இரண்டையும் அடக்கவில்லை.

வெயில் இறங்குகிற நேரத்தில் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். கதவும் ஜன்னலும் கழற்றிய வீடு வாயைத் திறந்துகொண்டு நின்றது.

"அக்கா, எங்க எறக்கறது? தோளு கழண்டுரும்" என்று சப்பரக்காரர்கள் கேட்டார்கள்.

"செவப்புக் கோட்டுக்குப் பின்னால" என்றாள் வசந்தாமணி. "முருங்கை மரத்துக்குப் பக்கத்துல, அந்தத் துண்டு எடத்துல. ரோட்டுக்கு முதுகக் காட்டி எறக்குங்க."

இறக்கினார்கள். நாலு மூலையும் மண்ணைத் தொட்டதும் பல் கடிக்கிற மாதிரி நறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. நாச்சிமுத்து தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. அங்கே வீடு கட்ட முடியாது என்று சொன்ன மேஸ்திரியும் தோள் கொடுத்தவர்களில் ஒருத்தர். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"கட்டத்தான் முடியாதுன்னேன். பொறந்து வந்தா நான் என்ன பண்ணட்டும்?" என்றார் அவர்.

"வளருமுங்களா?" என்று யாரோ கேட்டார்கள்.

"தாய்ப்பால் இருக்குதல்லோ, வளரும்" என்றார் நாச்சிமுத்து. "அகலத்துக்கு எடமில்ல. மேல வளரட்டும்."

கேரவன் நீளவாக்கில் அந்தத் துண்டு நிலத்துக்குள் வந்து, துவைக்கிற கல்லை இடிக்காமல் ஒதுங்கி, கன்றின் சுவரோடு விலாவை ஒட்டிக்கொண்டு நின்றது. ரூமுக்குள் பல்பு எரிந்தது. வசந்தாமணி வாசற்படியில் நின்றாள். சென்னியப்பன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, ஊர் தெரியாத இடத்துக்கு வந்தவர் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"வசந்தா, நான் எங்க நிறுத்தறது?"

தை மாசத்திலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது.

"நின்னாச்சு. எறங்கி வாங்க" என்றாள்.

அவர் பழக்கத்தில் ஹேண்ட்பிரேக்குக்குக் கையை நீட்டினார். அது ஏற்கெனவே போட்டிருந்தது.